என் முதுகுக்குப் பின்னால் யோகன் அண்ணை

15-04-1996, திங்கள்

விடியத் தூறல், பிறகு வெறும் காற்று. மூன்று டிகிரி.

கொண்டுபோக: கம்பனிக் கடிதம், பழைய சப்பாத்து, இரண்டு சோடி கால்மேஸ், பாண், முட்டை. வருசப்பிறப்புப் பலகாரத்தில் மிச்சம் நாலு முறுக்கு.

ஐந்து நாள் பயிற்சி. பாஸ் பண்ணினால் காசு ஏற்றும் வானில் காவல் வேலை, பகல் ஷிஃப்ற். இல்லாவிட்டால் திரும்பவும் வான்களை அனுப்பும் மேசை, இரவு வேலை. மகள் துளசி பள்ளிக்கூடத்தால் வரும்போது நான் வீட்டில் நிற்க வேண்டுமென்றால் இதுதான் வழி.

ஏழு மணிக்கு யோகன் அண்ணை காருடன் கீழே. டோர்செட் பார்க்கில் எங்களுக்கு அடுத்த கட்டடம். அதே கம்பனியில் வான் ஓட்டுகிறவர். இனி ஓட்டுகிறவர்களும் பிஸ்டல் வைத்திருக்க வேண்டுமாம், அதனால் வருகிறார். நாற்பது வயது இருக்கும். தாயாருடன் இருக்கிறார், கல்யாணம் கட்டவில்லை. “பெல்ற்றைப் போடுங்கோ தங்கச்சி, உங்கட ரவி என்னைத்தான் பேசுவார்.” நல்ல மனிதர்.

மார்க்கம் தாண்டி, ஸ்ரௌவ்வில்லும் தாண்டி, முன்பு மணல் அள்ளிய பெரிய கிடங்கு. மூன்று பக்கம் மண்மேடு, நாலாவது பக்கம் நாங்கள். நிழல் விழும் இடத்தில் கறுத்த பனிக்குவியல். ஆறு பேர், நான் மட்டும் பெண். பயிற்சியாளர் டக், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், காலை இழுத்து நடப்பார். எனக்கு இடக்கை என்றதும் முணுமுணுத்துக்கொண்டு வேறு உறை தேடி எடுத்தார்.

படிவம். முன்பு துப்பாக்கி பாவித்த அனுபவம் உண்டா? இல்லை. அகதி விசாரணையிலும் இதே பதில்தான். சிற்றிசன் விண்ணப்பம் ஒட்டாவாவில் கிடக்கிறது.

பின்னேரம் முதல் பதினைந்து வெடி. கவனமில்லாமல் இருந்துவிட்டேன். பதினைந்தும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். டக் தாளைக் கழற்றிக் காற்றில் பிடித்துப் பார்த்தார். எங்கே பழகினாய் என்றார். அதிர்ஷ்டம் என்றேன்.

யோகன் அண்ணையும் அந்தத் தாளைப் பார்த்தார். வரும் வழியில் ரேடியோ போடவில்லை.

16, செவ்வாய்

வெயில். ஆனால் காதைக் கிழிக்கும் குளிர்.

இன்று வேண்டுமென்றே பிழையாகச் சுட்டேன். நினைத்ததைவிடக் கஷ்டம். கை தானாகச் சரியான இடத்துக்குப் போகிறது, பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. “நேற்று வந்தது உன் அக்காவா?” என்றார் டக். எல்லோரும் சிரித்தார்கள். யோகன் அண்ணை சிரிக்கவில்லை.

மதியம் இருவரும் ஒரே வாங்கில். அவர் புட்டு, நான் பாண்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“நேற்று துவக்கைக் கையில தந்த உடன நீங்கள் திறந்து பாத்தனீங்கள், உள்ளுக்கு ரவை கிடக்கோ எண்டு.”

“டக் காட்டினவர்தானே.”

“அவர் பிறகுதான் காட்டினவர்.” புட்டை மூடி வைத்தார். “எந்த இயக்கம்?”

“நான் இயக்கமில்லை அண்ணை.”

“ஓம்,” என்றார். நம்பாத ஓம்.

எழுதக் கூடாது. ரவிக்கு இப்படியொரு கொப்பி இருப்பதே தெரியாது, அதனால் எழுதுகிறேன். பதினேழு வயதில் போனேன், பத்தொன்பதில் ஓடி வந்தேன். கல்யாணம் பேசும்போது அம்மா சொன்னது: “உதைப்பற்றிச் சாகுமட்டும் வாய் திறவாதை.” ஏழு வருடம் திறக்கவில்லை.

துளசிக்கு இருமல். மருந்து வாங்க வேண்டும்.

17, புதன்

மூடுபனி. இலக்குத் தாள் தெரியாததால் சுட விடவில்லை. காருக்குள் காத்திருந்தோம், நானும் அவரும். கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு.

அவராகத்தான் தொடங்கினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவதுபோல முன்னால் பார்த்தே பேசினார்.

“எனக்கொரு தம்பி இருந்தவன், குமரன். எண்பத்தாறில பிடிச்சுக்கொண்டு போனவங்கள். வேற இயக்கப் பெடியளுக்குச் சோறு குடுத்தவனாம். கொண்டாவிலில ஒரு வீட்டில வச்சிருக்கினம் எண்டு கேள்விப்பட்டுச் சைக்கிள்ல போனன். நீலக் கேற். வாசலில சென்றிக் காவலுக்கு ஒரு பெட்டை நிண்டவள், சின்னப் பெட்டை. ‘இஞ்ச ஒருத்தரும் இல்லை அண்ணை, போங்கோ’ எண்டாள்.”

கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்தேன்.

“சுட்டிட்டம் எண்டும் சொல்லேல்லை, விட்டிட்டம் எண்டும் சொல்லேல்லை. பத்து வருசம். அம்மா அந்தியேட்டி செய்ய விடுறா இல்லை. உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கிரியை செய்யிறதோ எண்டு கேக்கிறா.”

“அந்தப் பெட்டையின்ர முகம் ஞாபகம் இருக்கோ?” ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“முகம் இல்லை. துவக்கை இடக்கையால பிடிச்சிருந்தவள்.”

அப்போதுதான் திரும்பி என் கையைப் பார்த்தார். நான் அதை மடியில் வைத்திருந்தேன். எடுத்து ஒளிக்கவும் முடியவில்லை.

டக் வந்து கண்ணாடியில் தட்டினார்.

நான்தான். சாம்பல் நிறச் சேட், சைக்கிளில் வந்து வேலியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டவர். அவரை நான் திருப்பி அனுப்பிய அன்று அந்தத் தம்பி உள்ளே உயிரோடு இருந்தார்.

நாளைக்குப் போகாமல் விடலாமா? விட்டால் எல்லாம் உண்மை என்று ஆகிவிடும். போனாலும்தான்.

18, வியாழன்

மழை. கிடங்கு முழுக்கச் சேறு.

இருவர் இருவராகப் பயிற்சி. ஒருவர் பையுடன் முன்னால் நடக்க வேண்டும். மற்றவர் பத்தடி பின்னால், கையில் ரவை போட்ட பிஸ்டல், முனை நிலத்தைப் பார்த்தபடி. விசில் ஊதினால் முன்னால் போகிறவர் பக்கத்திலுள்ள பீப்பாவுக்குப் பின்னால் விழ வேண்டும், பின்னால் நிற்பவர் இலக்கைச் சுட வேண்டும்.

டக் சோடிகளை வாசித்தார். கடைசிச் சோடி நாங்கள்.

முதலில் நான் அவருக்குக் காவல். விசில், இரண்டு வெடி, இலக்குத் தாளின் நெஞ்சில் இரண்டு ஓட்டை. பிழையாகச் சுட மறந்துவிட்டேன்.

பிறகு என் முறை. பையைத் தூக்கினேன், உள்ளே மணல். காதில் அடைப்பான் போட்டிருந்ததால் பின்னால் அவர் காலடி கேட்கவில்லை. மழைகூடக் கேட்கவில்லை, என் மூச்சு மட்டும். திரும்பிப் பார்க்கலாம், விதியில் தடையில்லை. பார்க்கவில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு இடம் தனியாகக் குளிர்ந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். துளசிக்கு மருந்து கொடுத்தேனா என்று யோசித்தேன். பதினெட்டில் விசில், அடைப்பானையும் தாண்டி.

சேற்றில் விழுந்தேன். வெடி இல்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். யோகன் அண்ணை நின்ற இடத்திலேயே நிற்கிறார். பிஸ்டல் உயர்ந்திருந்தது. இலக்குப் பக்கமல்ல. நான் நடந்து வந்த பாதையைப் பார்த்தபடி, முதுகு உயரத்தில். டக் நொண்டி நொண்டிப் பக்கத்தில் போய், மெதுவாகப் பேசி, கையைப் பிடித்துக் கீழிறக்கி, துவக்கை வாங்கினார். “இன்றைக்கு உனக்குப் போதும்” என்றார்.

திரும்பும்போது அவருடைய காரில்தான் ஏறினேன். வேறு வழியுமில்லை. வழி இருந்திருந்தாலும் ஏறியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார்: “விசிலுக்கு முதலே கை எழும்பிட்டுது தங்கச்சி. நான் எழுப்பேல்லை.”

“தெரியும்.”

“நீங்கள் திரும்பிப் பாத்திருந்தால் சுட்டிருப்பன்.”

வைப்பர் போய்வந்தது. அப்போது சொன்னேன். முழுக்க ஒரே மூச்சில்.

“நான்தான் அண்ணை வாசலில நிண்டது. நீங்கள் வந்து மூண்டாம் நாள் சுட்டவங்கள். வீட்டுக்குப் பின்னால, கிணத்தடிக்குத் தெற்காலை புதைச்சவங்கள். மேல ரண்டு வாழைக்குட்டி நடச் சொன்னவங்கள். நான்தான் நட்டனான்.”

காரை ரோட்டோரம் நிறுத்தினார். இறங்கினார். வெறும் வயல், பக்கத்தில் புது வீடுகள் கட்ட நட்டிருந்த பலகை. மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வந்து ஏறினார், சேட்டிலிருந்து தண்ணீர் சீற்றில் வடிந்தது. கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தியபோது கேட்டார்:

“எந்தப் பக்கம் தலை?”

“வடக்கு.”

19, வெள்ளி

ஏழு. ஏழு பத்து. ஏழரை. வரவில்லை. அவருடைய கார் தரிப்பிடத்தில் நின்றது. ராக்சி பிடித்துப் போனேன்.

சோதனை. ஐம்பதுக்கு நாற்பத்தேழு. மறைக்கவில்லை, இனி எதை மறைக்க?

யோகன் காலையில் போன் பண்ணி விலகிவிட்டதாக டக் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, திங்கட்கிழமை நிரப்பிய படிவத்தைக் காட்டினார். ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மேல் விரல்.

“முப்பது வருடம் பொலிஸில் இருந்தேன், சுகந்தி.”

படிவத்தைக் கோப்புக்குள் வைத்தார்.

“கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று அங்கே நடந்தது என்னவென்று நான் கேட்கவில்லை. நீயும் ஒரு நாளும் வந்து சொல்லாதே.”

சேர்டிபிக்கற்றைச் சமையலறையில் ரவிக்குக் காட்டினேன். தூக்கிச் சுற்றினார். துளசி கைதட்டினாள். போன் அடித்தது, ரவிக்கு முதல் ஓடிப்போய் எடுத்தேன். பிழையான நம்பர்.

20, சனி

ஒன்றுமில்லை. உடுப்புத் தோய்த்தேன். அடுத்த கட்டடத்துப் பத்தாம் மாடியில் யோகன் அண்ணை வீட்டு ஜன்னல் திரை நாள் முழுக்க மூடியே இருந்தது. அவர் இமிகிரேஷனுக்குச் சொல்லலாம், பொலிசுக்குச் சொல்லலாம். சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

21, ஞாயிறு

வெயில். மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.

யோகன் அண்ணை, பக்கத்தில் அவருடைய தாயார். வெள்ளைச் சேலை. கையில் ஒன்றுமில்லை. ரவி சந்தோஷமாக, “வாங்கோ அண்ணை, வாங்கோ அம்மா, சுகந்தி பாஸ் பண்ணினது தெரியுமோ?” துளசியை எதிர்வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு வந்தேன். வரும்போது ரவி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னா. என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. அவவின் கை சுருங்கி, சூடாக இருந்தது.

“அந்தியேட்டிக்கு நாள் பாத்திட்டம், பிள்ளை. ஐயரோட கதைச்சாச்சு.”

தலையாட்டினேன்.

“ஒண்டு மட்டும் சொல்லும். அவன் பயந்தவனோ?”

அந்த மூன்று இரவும் குமரன் அழுத சத்தம் காதில் கேட்காத நாள் எனக்கு இல்லை.

“இல்லை அம்மா. பயப்படேல்லை.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டா. யோகன் அண்ணை என்னைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்தது.

ரவி தேத்தண்ணித் தட்டுடன் குசினி வாசலில். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தட்டை மேசையில் வைத்தார். ஒரு கோப்பையை அம்மாவுக்குக் கொடுத்தார், ஒன்றை அண்ணைக்கு. பிறகு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு இருந்தார்.

“நீர் அப்ப எங்க நிண்டனீர்?”

“கேற்றடியில,” என்றேன்.

“சொல்லும்,” என்றார். “முதலில இருந்து.”