ஃபைலில் வைத்த பாராட்டுக் கடிதம்

போன வாரம் காங்கேயத்தில், மைத்துனரின் கொப்பரை லோடுக்கு எடை போடப் போயிருந்தேன். எடைமேடைக் கொட்டகைக்குள் ஒரு பழைய பிரிண்டர் கரகரவென்று ஓடியது. ஊசி ஊசியாகக் குத்தி எழுதுகிற அந்தக் காலத்துச் சாதனம். சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார்கள். ரிப்பன் மையின் வாசம் விரலில் ஒட்டிக்கொண்டது. எடையைப் பார்க்காமல் சுவரோரம் சாய்ந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, வெயில் ஒத்துக்கலீங்களா?" என்றார் எடை போடுகிறவர்.

ஆமாம், வெயில்தான் என்றேன். சித்திரை வெயிலின் மேல் எந்தப் பழியையும் போடலாம். அது மறுத்துப் பேசாது.

நாம் இருவரும் வேலை பார்த்த மில்லில் என் மேசைமேல் இருந்தது அதே மாதிரி பிரிண்டர்தான். பிறகு மதுக்கரையில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடைச்சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டு நீங்கள் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்ததும் அப்படி ஒன்றின் பக்கத்தில்தான். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நீங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதை நான் ஒருமுறையாவது உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கண்மூடி ஒன்பது மாதம் ஆகிறது. இருந்தபோது சொல்லியிருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. மில்லுக்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஈமெயில் முகவரி. காலை பத்து மணிக்கு நான் லைன் போடுவேன். மோடம் கழுத்தைப் பிடித்தாற்போல் கத்தி அடங்கியதும், வந்த மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து, துளையிட்டு, ஃபைலில் கோத்து முதலாளி மேசைமேல் வைப்பேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு தாளிலும் ஏதாவது எழுதித் தருவார். எடை குறைக்கும் மாத்திரைக்கு வந்த விளம்பரத்தில்கூட 'விலை கேட்கவும்' என்று எழுதித் தந்திருக்கிறார். இணையம் எங்கள் மில்லுக்குள் காகிதமாகத்தான் நுழைந்தது.

நீங்கள் லேபில் நூல் எவ்வளவு மெல்லியது என்று அளந்து நம்பர் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்திபுரம் பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவீர்கள். பிளாக் என்ற சொல் அப்போது ஊருக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் யாரோ இலவசமாகக் கொடுத்த இடத்தில் 'பஞ்சுத்தூசி' என்ற பெயரில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். மேலே மண்வெட்டியோடு ஓயாமல் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மனிதன். கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுண்டர். அதில் பாதி நாம்தான். அதற்கும் கீழே விருந்தினர் புத்தகம். நடுவில் உங்கள் தமிழ். அதைப் படிக்க ஒரு எழுத்துருவை இறக்கிப் போட வேண்டும். போடாதவர்களுக்கு எறும்பும் சிலந்தியும் வரிசையாக ஊர்வதுபோல் தெரியும். மில் கம்ப்யூட்டரில் அது இல்லை. அதுதான் உங்கள் பூட்டு.

"மில்லுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே முடிஞ்சுதுங்க" என்பீர்கள். "எம் பொண்ணு அம்மணி இப்பத்தான் நாலாவது படிக்கறா. ஆனா எழுதாமயும் இருக்க முடியலீங்களே."

நானோ, பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிவிட்டு, தபால்தலை ஒட்டிக்கொடுத்த உறையிலேயே அது திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும் இலக்கியவாதி. திங்கட்கிழமை காலையில் உங்கள் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எழுத்தாளரே, இந்த வாரம் எத்தன திரும்பி வந்துச்சுங்க?"

"ரெண்டு."

"பரவால்லீங்க. அவுங்களுக்கும் விலாசம் மனப்பாடம் ஆயிருக்கும்."

நானும் சிரிப்பேன். நீங்கள் யாரையும் புண்படுத்தும் ஆள் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் புத்தகத்தைத் திறந்து, "டொராண்டோவுல ஒருத்தரு படிச்சுப்போட்டு அழுதாராமுங்க. என்னத்துக்கு அழுதாருன்னே தெரியல" என்று நிஜமான கவலையோடு சொல்வீர்கள். அதுதான் தாங்க முடியாது. பதினான்கு வருடமாக எழுதியும் நான் பக்கத்து ஈரோட்டில்கூட ஒருவரை அழவைத்ததில்லை.

உங்கள் முதல் வாசகன் நான்தான். தட்டச்சு செய்து முடித்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "பிழை பாருங்க" என்பீர்கள். பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று நான்கு தடவை. பொறாமைக்காரனைப்போல மனப்பாடம் செய்யும் வாசகன் கிடையாது.

மாரப்பனைப் பற்றிய அந்தப் பக்கம் வந்தது ஒரு ஆடி மாதத்தில். இன்றும் அட்சரம் பிசகாமல் சொல்வேன்.

'கார்டிங் மெஷினில் இன்று மாரப்பனின் வலது கை போனது. மெஷினை நிறுத்த ஒரு நிமிடம். யார் காரில் அனுப்புவது என்று முடிவெடுக்க இருபது நிமிடம். சாயங்காலம் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். மாரப்பன் இன்று லீவு. லீவில் இருந்தவரின் செருப்பு மட்டும் கார்டிங் வாசலில் கிடந்தது. எடுப்பது யார் என்று தெரியாமல் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நானும் தாண்டினேன்.'

அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்காக நான் உங்களை வெறுத்தேன். என் எந்தக் கதையிலும் 'நான்' என்பவன் செருப்பைத் தாண்டியதே கிடையாது. குனிந்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். அதனால்தான் கதை திரும்பி வருகிறது என்பது அன்று அந்த பிளைவுட் தடுப்புக்குள் எனக்குப் புரிந்தது. "பிழை ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

மூன்று வாரம் கழித்து மில்லுக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் கனடாவில் இருக்கும் ஈரோட்டுக்காரர். முன்பு நூல் வியாபாரத்தில் இருந்தபோது ஒருமுறை எங்கள் மில்லுக்கு வந்திருக்கிறார். மில் வாசல் பிள்ளையாருக்கு மணிக்குப் பதிலாக நூல் சுற்றும் பழைய ஸ்பிண்டில் ஒன்றைத் தட்டுவதை நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஏற்றுமதியாளர் பட்டியலில் முகவரியும் கிடைத்துவிட்டது. மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தார். இப்படி மனசாட்சியுள்ள ஒருவரை வேலைக்கு வைத்திருப்பதற்காக நிர்வாகத்துக்குப் பாராட்டு. மாரப்பனைப் பற்றிப் படித்துவிட்டுத் தன் மனைவி அன்று சாப்பிடவில்லை என்ற தகவல். பக்கத்தின் முகவரி, எழுத்துருவை எப்படிப் போடுவது என்ற விளக்கம் எல்லாம் இருந்தன. லேபில் நடப்பதை இவ்வளவு நுட்பமாக எழுதுகிறவர் லேப்காரராகத்தான் இருக்க வேண்டும், அவரிடம் தன் வணக்கத்தைச் சேர்ப்பிக்கவும் என்று முடித்திருந்தார். அவ்வளவு நல்ல மனிதர். ஒருவரின் வேலையைப் பறிக்க அத்தனை அன்பாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்தத் தாள் அரை மணி நேரம் என் மேசையில் கிடந்தது. ஒரு மெயிலை அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அந்த மில்லில் தெரிந்த ஒரே ஆள் நான். அம்மணி நாலாவது படிக்கிறாள் என்பதும் தெரியும். நிர்வாகத்துக்கு வந்த கடிதம் நிர்வாகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. விதி இவ்வளவு அழகாக எனக்கு ஒத்துழைத்த நாள் வேறில்லை. துளையிட்டேன். பருத்தி விலை குறித்த ஒரு தாளுக்கும், உதிரிபாகம் தாமதமாகும் என்ற ஒரு தாளுக்கும் நடுவில் கோத்தேன். ஃபைலைக் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் உங்களைக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் முதலாளி, கல்லூரியிலிருந்து வந்திருந்த அவர் மகன், கம்ப்யூட்டரை அங்கே தூக்கி வந்து வைத்த நான். எழுத்துருவைப் போடச் சொன்னார்கள். அதையும் நான்தான் போட்டேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் முதலாளி. "நல்லா எழுதறீங்களாமா. சீமையிலிருந்து கடுதாசி வந்திருக்குது. நமக்குப் பெருமைதானுங்க. இந்தப் பொட்டில எனக்குப் படிக்க வராது. எழுதுனவரே படிச்சாத்தான நல்லாருக்கும்? சித்தே படிங்க, கேப்போம்."

நீங்கள் படித்தீர்கள். கேன்டீன் உப்புமா பற்றி எழுதியதைப் படித்தபோது முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். மகனும் சிரித்தான். அப்போது ஒரு கணம், தப்பித்துவிடுவீர்கள் என்றுகூட நினைத்தேன். மாரப்பன் பக்கம் வந்தது. நீங்கள் அதைத் தாண்டியிருக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்களும் நானும் மட்டும்தான். நான் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் தண்ணீர் கேட்டு ஒரு வாய் குடித்துவிட்டு, அதையும் கடைசிச் சொல்வரை படித்தீர்கள்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்குதுங்க. இத்தன தெறமைய வெச்சுக்கிட்டு நூல் நம்பர் பாத்துட்டிருக்கறது பாவமுங்க. நாளையிலிருந்து ஊட்டுல நிம்மதியா உக்காந்து எழுதுங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் வீட்டு மரியாதை அப்படி.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "மெயில் எல்லாம் நீங்கதான எடுப்பீங்க. உங்க கண்ணுல படலீங்களா?"

"சின்ன முதலாளி கிரிக்கெட் ஸ்கோர் பாக்கறேன்னு லைன் போட்டாருங்க. அவருதான் எடுத்துட்டாரு."

"அதான பாத்தேன்" என்றீர்கள். பிறகு, "நீங்க சங்கடப்படாதீங்க" என்று என் தோளைத் தட்டினீர்கள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

வேறு எந்த மில்லும் உங்களைச் சேர்க்கவில்லை. முதலாளிகள் எல்லோரும் எல்லோருடைய வீட்டுக் கல்யாணத்திலும் சாப்பிடுகிறவர்கள். மதுக்கரையில் வேலை கிடைத்த பிறகு ஒருநாள், ஏன் இப்போது எழுதுவதில்லை என்று கேட்டேன். கேட்கிற தைரியம் எனக்கு இருந்தது. "லாரி வருது, லாரி போகுது. எழுதறதுக்கு என்னுங்க இருக்குது?" என்றீர்கள். இலவச இடம் கொடுத்த கம்பெனி கைமாறி, எல்லாப் பக்கங்களையும் துடைத்துவிட்டது. உங்கள் ஃபிளாப்பிகளை வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்திருந்தீர்கள். ஸ்பீக்கர் காந்தம் அதன் வேலையைச் செய்து அவற்றையும் அழித்துவிட்டது.

சில வருடங்களில் ஊரெல்லாம் பிளாக் எழுத ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன். ஒரு கூட்டத்தில் 'கோவையின் முதல் தலைமுறை வலைப்பதிவர்' என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். வெளியே வந்ததும் சால்வையின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தீர்கள். "நல்ல நூலுங்க. அறுபதாம் நம்பர் இருக்கும்." குத்திக்காட்டினீர்களா என்று பல வருடம் யோசித்தேன். இல்லை. நூல் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

உங்கள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மணி போன் செய்தாள். "அப்பா முந்தி என்னமோ எழுதீட்டிருந்தாருன்னு சொல்லுவாரு. எங்கயும் கெடைக்கல. நீங்க படிச்சிருக்கீங்களா மாமா?"

போனேன். மாரப்பன் பக்கத்தைச் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "ஒரு மெயில் வந்துதான் மில் வேல போச்சுன்னு அப்பா சொல்லுவாரு. அந்த மெயில யாருங்க மாமா எடுத்தது?" என்றாள். உங்களிடம் சொன்னதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் உங்களை மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லிவிட்டேன். அரை மணி நேரம், அந்தப் பொத்தான், விதி, எல்லாவற்றையும்.

அம்மணி பேனாவை மூடினாள். "இன்னும் எத்தன ஞாபகம் இருக்குதுங்க?" என்றாள்.

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழம வாங்க. மத்ததப் பொறவு பேசிக்கலாம். மொதல்ல எல்லாத்தையும் சொல்லி முடிங்க."

அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. 'ஏனுங்க' என்கிறாள். காபி தருகிறாள். அவள் கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். உலகத்தில் உங்கள் பக்கத்துக்கு இப்போது இருக்கும் ஒரே பிரதி நான்தான். எழுபதை நெருங்குகிற, சர்க்கரை ஏறிய, நம்பத்தகாத பிரதி.

நேற்று, மில் கிணற்றில் விழுந்த நாயைத் தூக்கியதைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரளமாக வந்தது. முடிவில், 'அதன் கண்களில் நன்றி ஈரமாக மின்னியது' என்றேன்.

அம்மணியின் பேனா நின்றது.

"இது எங்கப்பா எழுதுனது இல்லீங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். இல்லைதான். என்னுடையது.