பத்தாயிரத்தொரு கரணை

சைகோன்,
4 டிசம்பர் 1933

என் தனக்கொடிக்கு,

உன் புருஷன் எழுதுவது. காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறேன். நீயும் மாடுகளும் சுகமா?

தை கடைசியில் ஏரிக்கரை வயலில் கரும்பு போடு. பத்தாயிரத்தொரு விதைக்கரணை வெட்டும்படி ஆதிமூலத்திடம் சொல். மொய்க்கு ஒன்று கூட்டி வைப்பார்களே, அதுபோல. ஆபீசில் வேலையில்லாத ஒரு மத்தியானம் இந்த எண்ணை இரண்டு முதல் முப்பது வரை வகுத்துப் பார்த்தேன். எதில் வகுத்தாலும் மிச்சம் விழுகிறது. யாராலும் பிரிக்க முடியாது, நம்மைப் போல! வரிசை கட்டியது போக மிஞ்சும் கரணையை என் பேர் சொல்லி ஈசானிய மூலையில் நடு. வெட்டுக்கு வந்துவிடுவேன்.

தங்கவேல்

பாகூர்,
11 பிப்ரவரி 1934

அன்புள்ள மாமாவுக்கு,

தனக்கொடியின் கும்பிடு. நட்டாயிற்று. ஆனால் ஒன்று விளங்கவில்லை. எழுபத்து மூன்று வரிசை, வரிசைக்கு நூற்று முப்பத்தேழு கரணை. கடைசி வரிசை முடிந்து திரும்பினால் கூடை காலி. உங்கள் மூலைக்கு ஒன்றுகூட இல்லை.

"எண்ணித்தாம்மா வெட்னேன், கொறையாது" என்று ஆதிமூலம் சத்தியம் செய்கிறார். அடுப்புக்கரியால் சுவரில் பெருக்கிப் பார்த்தேன். சரியாகப் பத்தாயிரத்தொன்று! "இன்னாடி, உன் வூட்டுக்காரருக்கு வயல்ல எடமே இல்லியா?" என்று பக்கத்து வீட்டு அம்சவள்ளி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் ஏன் முப்பதோடு நிறுத்தினீர்கள்?

சைகோனிலிருந்து லீவில் வந்திருக்கும் சாமிக்கண்ணுவிடம் உங்களைப் பற்றிக் கேட்கலாமென்றால், என்னைக் கண்டதும் வேறு வழியாகப் போய்விடுகிறார். அதுவும் விளங்கவில்லை. நாலு வருஷமாயிற்று மாமா. எப்போது வருகிறீர்கள்?

உங்கள் தனக்கொடி

சைகோன்,
20 மார்ச் 1934

தனக்கொடிக்கு,

தப்பு என்னுடையதுதான். எழுபத்து மூன்றையும் நூற்று முப்பத்தேழையும் தனித்தனியே வகுத்துப் பார்த்தேன். இரண்டுமே எதாலும் வகுபடவில்லை.

சாமிக்கண்ணு சொல்லாததை நானே சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. இந்த ஊர்ப் பெண். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்காக உன்னை விட்டுவிடவில்லை. அந்த எண்ணுக்குள் இரண்டும் பின்னமில்லாமல் முழுசாகத்தானே இருக்கின்றன? இரண்டு வீட்டிலும் நானும் அப்படித்தான். நீ கணக்கில் கெட்டிக்காரி, புரிந்துகொள்வாய்.

தங்கவேல்

பாகூர்,
2 மே 1934

தங்கவேல் அவர்களுக்கு,

பத்து நாளாக அந்த இரண்டு எண்களோடுதான் இருக்கிறேன். பெருக்கினால் பத்தாயிரத்தொன்று வருகிறது. கூட்டினால் வெறும் இருநூற்றுப் பத்து. அதை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று யார் வந்து கேட்டாலும் மிச்சமில்லாமல் பிரித்துக்கொண்டு போகலாம். நீங்கள் இரண்டு வீட்டைப் பெருக்கினீர்களா, கூட்டினீர்களா? எனக்கு விளங்கவில்லை. எனக்கு வருவது கோபமா அழுகையா என்றும் விளங்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துபோகிறேன்.

கரும்பு முழங்கால் உயரம் வந்துவிட்டது. வெட்டுக்கு நீங்கள் வர வேண்டாம். ஆதிமூலத்தை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதை மட்டும் எழுதிப் போடுங்கள். ஏன் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் கடிதம் வேண்டாம்.

தனக்கொடி