பேர் போட்டே எழுது

சின்னமலைத் தோட்டம், கொட்டகலை
1959 ஆனி மாதம்

அன்புள்ள மகன் கணேசமூர்த்திக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். மாரியம்மன் புண்ணியத்தில் நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. எப்போதும் போல அப்பா எழுதாமல் நானே எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. இதைத் தோட்டத்துத் தபால் பையில் போடவில்லை. ஆபீசில் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்று பேச்சு, அதனால் பஜாரில் பைஸர் கடையில் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவர் கடை விலாசத்துக்கே பதில் போடு. நீ பத்திரிகையில் வேலை செய்வது எங்களைத் தவிர இப்போது இங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் எல்லாம் இன்னும் நீ கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் செய்தி உண்மை என்று பழனியாண்டி மாமாவிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். அவர் இங்கே இல்லையடா. போன வெள்ளிக்கிழமை பொலிஸ்காரர் இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்து ரயிலேற்றித் தலைமன்னாருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கிருந்து கப்பலில் அக்கரைக்கு, இந்தியாவுக்கு. கள்ளத்தோணியாம். டிக்கோயாவில் பிறந்து இந்த மலையை விட்டு இறங்காத மனிதர் கள்ளத்தோணியாம். பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டார்கள். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். நீ பத்திரிகையில் எழுதியதுதான்.

நீ பேர் போடவில்லை, அதனால் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பேர் ஏன் போட வேண்டும்? திருவிழாவில் கரகம் பாலித்து அம்மனை அழைத்து வரத் தோட்டமே ஆற்றுக்குப் போயிருந்த மத்தியானத்தில், லயத்து வீட்டிலேயே இருந்த ஒருவர் பார்த்தார் என்று அழகாக எழுதிவிட்டாயே. கொழும்புக் காற்று பட்டதும் தீட்டு என்றால் என்னவென்று மறந்துபோயிற்றா? அன்றைக்குக் கைப்பிள்ளைக்காரியும் போனாள், நொண்டிக் கிழவரைக்கூடத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மன் காரியத்துக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது மாமா ஒருவர்தான், மாமி செத்துக் கருமாதிகூட ஆகவில்லை என்பதால். சங்கத்துக் கொட்டகையில் உன் செய்தியை ஒருவர் சத்தமாக வாசித்தார், நானும் நின்றேன். அந்த வரி வந்ததும் பெண்கள் எல்லோருடைய தலையும் மாமா வீட்டுப் பக்கம் திரும்பியது. யாரும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, ஆனால் தலை தானாகத் திரும்பிவிட்டதே. பெரிய கங்காணி அங்கேதான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

மாமா பார்த்தது பொய்யா? மேடை ஏறினால் எங்களைச் சகோதரர்கள் என்கிற அந்தப் பார்லிமென்ட் மெம்பர், தோட்டத்துத் துரையோடு ஜீப்பில் வந்து, நம் லயத்துக்குப் பின்னால் ஆள் வைத்துச் சங்கிலி பிடித்து அளந்தது உண்மை. எலக்‌ஷனுக்கு முன்னே லயத்தை இடித்துவிட்டுத் தன் ஆட்களுக்குக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் போவதாகச் சிங்களத்தில் பேசியதும் உண்மை. நமக்கோ ஓட்டு இல்லை. மாமாவுக்குச் சிங்களம் நன்றாக வரும், அது கதவுக்குப் பின்னால் நின்ற அவர் காதில் விழுந்தது. நீ இங்கே வந்திருந்த அன்று அவர் உன்னிடம் சொல்லத் தயங்கியபோது, நம்ம பய பேரச் சொல்ல மாட்டாண்ணே, தைரியமாச் சொல்லுங்க என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

செய்தி வந்த மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே அவர் பேரைக் கூப்பிடவில்லை. பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, கணக்கு முடிந்தது, இனி வேலையும் வீடும் இல்லை என்றார்கள். அப்புறம் ஆபீசுக்கும் பொலிசுக்குமாக அலைக்கழித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மாமா இல்லை, எழுதிய ஆள். எழுதினவன் யாருன்னு சொல்லிடு, வேலையும் வீடும் திரும்பத் தர்றோம் என்று கங்காணி என் காது கேட்கவே சொன்னார். அதற்கு மாமா, தீட்டு வீட்டுல கெடக்குறவன்கிட்ட யாருங்க வந்து பேசுவாங்க, நாய்கூட வராதுங்க என்றார். பொலிசில் அடித்தும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வெளியே வந்தபோது ஒரு கண் மூடிக் கிடந்தது. உன் பேர் அவர் வாயிலிருந்து வரவில்லை. உன்னைப் பெற்றவள் நான், அந்த அடிக்கு முன்னால் நான் உன் பேரைச் சொல்லாமல் இருந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்டேசனுக்குப் போனேன். பைஸர் ஒரு பார்சல் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார், பொலிஸ்காரன் வாங்க விட்டான். மாமா அழவில்லை. தம்பிய வையாதீங்க தங்கச்சி, அவன் எழுதினதுல பொய் இல்லையே என்றார். மாமி குழிமேட்டில் வைத்த செவ்வந்திக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அவர் வையாதே என்றாலும் நான் வைதுகொண்டுதான் இருக்கிறேன். நீ பொய் எழுதினாய் என்று இல்லை, ஒரு வரியை அடிக்காமல் விட்டாயே என்று.

இப்போது அந்த மெம்பர், இது பேரில்லாத கதை, வாய்க்கு வந்த கதை என்கிறார், யாராவது பேர் போட்டுச் சொல்லாவிட்டால் உங்கள் ஆசிரியர் மன்னிப்புப் போட்டுவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். போட்டால் மாமா பட்டது எல்லாம் பொய்க்குப் பட்டதாகிவிடும், லயத்தையும் இடித்துவிடுவார்கள். ஆகையால் கேள். இந்தப் புதன்கிழமை திரும்ப வந்தார்கள், இந்த முறை ஒளிவுமறைவு இல்லை. நான் லயத்துக்கு மேலே உள்ள மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மெம்பர் நின்று கையைக் காட்டக் காட்ட, நம் வீட்டுக் கோடியிலிருந்து கோயில் வரைக்கும் எல்லைக்கு ஆப்பு அடித்தார்கள். வந்து தொட்டுப் பார்த்தேன், சிவப்புப் பெயின்ட் காயவில்லை, விரலில் ஒட்டியது. இதை எழுது. ஆனால் லயத்தில் ஒருவர் பார்த்தார் என்று மட்டும் எழுதாதே. பேர் இல்லாவிட்டால் தேடுவார்கள், தேடும்போது அன்று என்னோடு கொழுந்து நிரையில் நின்ற அத்தனை பெண்களும் அடிபடுவார்கள். ஆகையால் பேர் போட்டே எழுது. மாமா அடி வாங்கிக் காப்பாற்றிய பேர் உன்னுடையது, அதை மட்டும் போடாதே. வேறு ஆளை அனுப்பி என்னிடம் கேட்டது போல எழுதச் சொல்.

அப்பாவிடம் சொன்னேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு, எம் பேரையும் சேத்துப் போடச் சொல்லு, ஒனக்கு மட்டும் பற்றுச்சீட்டக் குடுத்தா நான் இங்க யாரு கஞ்சியக் குடிக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியது இதுதான்.

நீ இங்கே வராதே, நாங்கள் எங்கே இருப்போம் என்று பைஸருக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனைந்துவிட்டு ஈரத்தலையோடு படுக்காதே. அக்கரைக்குப் போகிற யாரையாவது கண்டால் மாமா எந்த ஊரில் இறக்கிவிடப்பட்டார் என்று விசாரி, அதை மறந்துவிடாதே. செவ்வந்திக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன், இருக்கும் வரைக்கும். மாரியம்மன் உன் பக்கம் நிற்பாள்.

இப்படிக்கு, இதில் புதன்கிழமை நடந்ததாகச் சொன்னது எல்லாம் என் கண்ணால் கண்டது என்று,

இராமையா பெண்சாதி ராசம்மா, கொழுந்து பறிப்பவள்,
ஏழாம் நம்பர் லயம், மேல் டிவிசன்

என் பெண்சாதி சொல்வது சத்தியம்: இராமையா