கையில் மிஞ்சிய மருந்து

என் நெஞ்சை விட்டு ஒரு நாளும் இறங்காத பாக்கியக்காவுக்கு,

சிட்டுவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உன் பூனை சிட்டு. திராட்சைப் பந்தலுக்கு அடியில் அனாதையாகக் கத்திக்கொண்டு கிடந்தது என்று முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தாயே, அதே சிட்டு. என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊருக்கே சொல்லிச் சிரித்தவள் நீ. இப்போதும் சிரித்துக்கொள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரி.

நீ போன பிறகு வந்த முதல் பொங்கல். வீட்டில் சாவுத் துட்டி என்பதால் பானை வைக்கவில்லை, கரும்பு வாங்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று அத்தானைத் தனியாக விட மனமில்லாமல் தேனி அல்லிநகரத்திலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து அனுமந்தன்பட்டிக்கு வந்துவிட்டேன். அத்தான் தொழுவத்தில் பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "நமக்குத்தான் துட்டி. மாடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அவர் அவ்வளவு பேசிக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

நீ இல்லாத வீட்டில் உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? சிட்டுவுக்குச் சோறு பிசையும்போதுதான் தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறார். பூனை தோட்டத்துப் பக்கம் போய்விட்டால் அவருக்கும் அன்றைக்குச் சோறு கிடையாது. பேச்சு என்று ஒன்று இருந்தால் அதுவும் அதனிடம்தான். இந்தப் பூனைக்கு ஒன்று ஆகிவிட்டால் இவர் என்ன ஆவார் என்று நான் முன்பே பயந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லத்தான் பயம்.

குளிப்பாட்டி முடித்ததும் மாட்டுக்கு உண்ணி மருந்து போட்டார். முதுகுத்தண்டு நெடுக ஊற்றித் தேய்க்கிற மருந்து. நான் அடுப்படியில் இருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

மத்தியானம் அத்தானைச் சாப்பிடக் கூப்பிட வந்தபோது சிட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு காதை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஈ மொய்க்கிறது என்று நினைத்தேன். பிறகு முன்னங்காலை உதறியது. எழுந்து நடக்கப் பார்த்துச் சரிந்தது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது. நான் குனிவதற்குள் உடம்பு முழுக்க வெடவெடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது, அக்கா. நம் வீட்டுக் குருணை புடைக்கிற முறம்கூட அப்படி ஆடாது.

"பாம்பு எதுவும் கடிச்சிருச்சா?" என்று அத்தான் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பண்டிகை நாள், மாட்டாஸ்பத்திரி பூட்டிக் கிடக்கும், எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? உன் மாட்டுக்குச் சினை ஊசி போட வருவாரே, அந்தக் கம்பத்து டாக்டரம்மா நம்பர் என் போனில் இருந்தது நம் அதிர்ஷ்டம்தான். தன் வீட்டுப் பண்டிகைச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார்.

"மேல ஏதாச்சும் மருந்து போட்டீகளா? உண்ணி மருந்து, தெள்ளுப் பவுடர், எதுனாச்சும்?"

அத்தானிடம் கேட்டேன். "அதுக்கு நான் எதுக்குப் போடுறேன்? மாட்டுக்குத்தான் போட்டேன்" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அவர் பூனைக்கு மருந்து போடவே இல்லை.

சிட்டுவைத் தூக்கினேன். பிடரி மயிர் ஈரமாகத் திரித்திரியாக ஒட்டிக் கிடந்தது. முகர்ந்தேன். தொழுவத்து வாசம், அந்த மருந்து வாசம்.

"அத்தான், இது மேல அடிக்குதே."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கையில மிஞ்சினத அது முதுகுல தடவுனேன், தனம். அதுவும் பாவம் சொறிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. வீணாப் போவானேன்னு..."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் பக்கத்தில் யார் கையைக் கழுவி வீணாக்குகிறோம்? தலைக்கு எண்ணெய் வைத்தால் மிஞ்சியதை முழங்காலில் தேய்த்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குத் திருநீறு பூசினால் விரலில் மிச்சமிருப்பதைப் பக்கத்துப் பிள்ளை நெற்றியிலும் இழுத்துவிடுவோம். நீயே எனக்கு அப்படித்தானே தைலம் தேய்த்தாய்? அன்பு இருக்கிற கைதான் அப்படிச் செய்யும். அந்தக் கையைத்தான் நான் அன்றைக்குப் பயந்து பயந்து பார்த்தேன்.

டாக்டரம்மா ஒரு வினாடி யோசிக்கவில்லை. "பாத்திரம் வெளக்குற சோப்பு, வெதுவெதுன்னு தண்ணி. நல்லாக் கழுவுங்க. நக்க விடாதீங்க. துண்டுல சுத்தி ஒடனே கம்பத்துக்குக் கொண்டாங்க, நான் கிளினிக்கத் தொறந்து வைக்கிறேன்."

கழுவும்போதே ஒருமுறை இழுத்துக்கொண்டது. முதுகு வில்லாக வளைந்து, கண் எங்கேயோ சொருகி, என் கையிலேயே கட்டையாகிவிட்டது. போய்விட்டது என்றே நினைத்தேன். அத்தான் குவளையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். பக்கத்தில் வரவே இல்லை.

ஆட்டோவில் போகும்போது ரோடெல்லாம் கொம்புக்கு வர்ணம் அடித்த மாடுகள், மஞ்சள் தண்ணி, கூச்சல். என் மடியில் சிட்டு நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அத்தான் வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"ஒங்க அக்காளுக்கும் நாந்தானே மாத்திரை குடுத்தேன்."

நீ போன அன்றைக்கு, நெஞ்சு கரிக்கிறது, வாய்வுதான் என்று நீயே சொன்னாய். அவர் கடையில் வாய்வு மாத்திரை வாங்கிக் கொடுத்தார், நீ போட்டுக்கொண்டு படுத்தாய். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய். அந்த மாத்திரையை இத்தனை மாதமும் இவர் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"மாத்திரையால ஒண்ணும் ஆகல அத்தான். அது மாரடைப்புன்னு டாக்டரு சொன்னாகல்ல" என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

கிளினிக்கில் நடுக்கத்துக்கு ஊசி, காலில் டிரிப். மாட்டுக்கும் நாய்க்கும் தாங்குகிற சில மருந்து பூனைக்குத் தாங்காதாம். அதன் ஈரலுக்கு இந்த மருந்தை முறிக்கத் தெம்பு கிடையாதாம். தோலில் பட்டதும் போதாமல், நக்கி நக்கி உள்ளேயும் இழுத்துக்கொள்ளுமாம். டாக்டரம்மா பாட்டிலைக் கேட்டார். இப்படி ஆனதை மேலே தெரியப்படுத்த வேண்டும், அடுத்த வீட்டுப் பூனையாவது பிழைக்கும் என்றார். அத்தான் குற்றவாளி மாதிரி நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஐயா, நீங்க சொன்னதாலதான் என்ன வைத்தியம் பண்ணணும்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. பாதிப் பேரு சொல்லவே மாட்டாக."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சிட்டு அங்கேயே இருந்து, நடுக்கம் நின்று, வீட்டுக்கு வந்தது. இத்தோடு கடிதம் முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன், சும்மா உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எனக்கு உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. அத்தான் சிட்டுவைத் தொடுவதில்லை, அக்கா. சோற்றைக் கரண்டியால் தள்ளி வைக்கிறார். அது மடியில் ஏறினால் போலீசைக் கண்டவர் போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்கிறார். சோப்புப் போட்டுப் போட்டு உள்ளங்கை வெடித்துப்போயிருக்கிறது. சாப்பிடவும் அந்தக் கையைப் பயன்படுத்தப் பிடிக்கவில்லை போல, பாதியிலேயே எழுந்துவிடுகிறார். எந்த டாக்டரிடம் போய் இதைச் சொல்வேன்?

நேற்று நான் மளிகைக் கடையில் கொத்தமல்லி எடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தனம், அது அசையாமக் கெடக்கு."

"தூங்கும் அத்தான்."

"இல்ல. கூப்புட்டுப் பாத்துட்டேன். சோத்துக் கிண்ணியத் தட்டியும் பாத்துட்டேன். காதுகூட ஆடல." குரல் உடைந்தது. "மூச்சு இருக்கா இல்லையான்னு இங்கனருந்து தெரியல."

தேனியில் இருக்கிறேன், பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எது ஆனாலும் ஆகிவிடும். டாக்டரம்மா ஆபத்துத் தாண்டிவிட்டது என்று சொல்லியிருந்தாலும் என் பயம் கேட்குமா? மல்லி வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

"வயித்துல கைய வச்சுப் பாருங்க."

அவர் கிண்ணியை மறுபடி தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"அத்தான், அங்கன வேற ஆளு இல்ல. நீங்கதான் பாக்கணும். கைய வைங்க."

"என் கைய எப்படித் தனம்..."

"அந்தக் கையத்தான். வைங்க."

வெளியே பஸ் ஹாரன், கடையில் தராசுச் சத்தம். போனுக்குள் மட்டும் ஒன்றுமே இல்லை. செத்துக் கிடப்பதை அவர் தொட்டுவிட்டால்? நானே தொடச் சொன்னேனே? சாமியைக்கூடக் கூப்பிடவில்லை அக்கா, உன்னைத்தான் கூப்பிட்டேன்.

பிறகு அவர் குரல் வந்தது, மெல்ல.

"சூடா இருக்கு."

"ம்."

"ஏறி எறங்குது, தனம். ஏறி எறங்குது."

"கைய எடுத்துறாதீக" என்றேன். அவர் எடுக்கவில்லை. போனையும் வைக்கவில்லை. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் அழுதேன். அந்தப் பக்கம் அவரும் அழுதார். இத்தனை மாதத்தில் அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் போனுக்குள் ஒரு குறுகுறு சத்தம் கேட்டது. சிட்டு விழித்துக்கொண்டு, தடவச் சொல்லிக் கொஞ்சியது.

இனி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவேன் அக்கா. அந்த மாத்திரையைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுவேன். ஒரு தடவையில் தீராது என்று தெரியும், தீருகிற வரைக்கும் பேசுவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே வருவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
பயந்தாங்கொள்ளி தனம்