வீட்டோடு வந்தவர்கள்

அக்கா,

காலையிலிருந்து என் அடுக்களையில் பெலாச்சான் வாடை. சுட்ட இறால் விழுதின் அந்த வாடைக்கு ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், இன்று நானே அதை மிளகாயோடு வைத்துச் சம்பலுக்கு இடித்துக்கொண்டிருக்கிறேன். நாலு இடி இடிப்பதும், எழுந்துபோய் வாசலைப் பார்ப்பதும், திரும்பி வந்து எதில் விட்டேன் என்று தேடுவதுமாக இருக்கிறேன். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பது நினைவில்லை. படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கவும் கூடாது. இன்று போகி. நீங்கள் போன பிறகு வரும் முதல் போகி.

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இருந்தபோதே படிக்காதவர் இப்போதா படிக்கப் போகிறீர்கள்? ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. குழம்பு கொதிக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உங்களை முதன்முதலாகக் கோயிலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெற்றி நிறையத் திருநீறு, மேலே கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங். நான் கும்பிடுகிற அதே அம்மனிடம் நீங்கள் மலாயில் முறையிட்டுக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பல தலைமுறைக்கு முன்பே தமிழ் நாட்டிலிருந்து வந்து, பேச்சு மலாயாகிப் போன பின்னும் அம்மனை விடாத மலாக்கா செட்டிகளை, கப்பலை விட்டு இறங்கி ஆறு வருடம் ஆகாத ஒருத்தி கேலி செய்தேன். திமிர், வேறென்ன சொல்ல.

அந்த ஆறு வருடத்தில் மூன்று குவார்ட்டர்ஸ் மாறியிருந்தோம். அவர் பொதுப்பணித் துறையில் கிராணி, எங்கள் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. மாற்றல் உத்தரவு வந்தால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். நான் நட்ட முருங்கையில் அடுத்து வந்தவள் கீரை பறித்தாள். எது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நல்லதாக ஒரு கட்டில் வாங்குவதுகூட ஊருக்குப் போய்த்தான். எனக்கோ எங்கே படுத்தாலும் அடுத்தவர் வீட்டில் படுத்திருப்பதாகவே இருந்தது.

பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரச் செய்தி கேட்டுவிட்டு ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. காஜா பெராங்கில் உங்கள் வீடு விலைக்கு வருகிறது என்று கோயிலில்தான் காதில் விழுந்தது. உங்கள் ஆட்களின் மற்ற வீடுகளைப் போலன்றிக் கோயில் நிலத்துக்கு வெளியே இருந்ததால் அதை விற்க முடிந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த உங்கள் மகன் விற்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தான். நீங்கள் இதே தெருக்கோடியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. நான் இவரிடம் வாயைத் திறந்ததும் இவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

“வெள்ளைக்காரனே மூட்ட கட்டுறான். நீ என்னடான்னா அன்னிய மண்ணுல வீடு வாங்குங்கிற.”

நான் விடவில்லை. கோபத்தைச் சாப்பாட்டில் காட்டினேன், பேச்சில் காட்டினேன். கடைசியில் அரை மனதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பெயர் மாற்றிக் கையெழுத்தாவதற்குள் ஏதாவது தடங்கல் வந்தால் அதோடு வீட்டுப் பேச்சை மறந்துவிட்டுக் கப்பலேற வேண்டும். சரி என்றேன். முன்பணம் கொடுத்து மார்கழியில் குடிவந்தோம். பொங்கல் கழித்து நில அலுவலகத்தில் கையெழுத்து.

நீங்களும் ஒரு நிபந்தனை வைத்தீர்கள். வருடத்தில் ஒரு நாள், பொங்கலுக்கு முந்தின நாள், சமைத்து எடுத்துக்கொண்டு வருவேன்; இந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்கு இங்கேதான் இலை போட வேண்டும் என்றீர்கள். அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இருந்த பெட்டி வீட்டோடு இருக்கட்டும் என்றும் சொன்னீர்கள். இரண்டுக்கும் தலையாட்டினேன். வீடு கைக்கு வந்தால் போதும் என்ற அவசரம். வருடத்தில் ஒரு நாள்தானே, சமைப்பதும் நானில்லையே என்று எண்ணிக்கொண்டேன். இவரிடம் சொல்லவே இல்லை.

வட ஆற்காட்டுக்காரிக்குப் போகி என்றால் என்ன, அக்கா? விடிந்ததும் பழசையெல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்துவது. சொந்த வீட்டில் முதல் போகி. கிழிந்த பாய், உடைந்த முறம், பழந்துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். பூச்சி அரித்த சாரோங் இரண்டு, ஓரம் பிரிந்த ஒரு சின்னப் பாய். இதையா ஒருவர் பத்திரப்படுத்தச் சொல்வார், தூக்கிப்போகச் சோம்பல்பட்டு நம் தலையில் கட்டிவிட்டார் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பெட்டியோடு நெருப்பில் போட்டேன். எனக்குப் பழசை எரிக்கிற நாள் எதுவோ, அதுதான் உங்களுக்குப் பழையவர்களை அழைக்கிற நாள். அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மதியம் தாண்டித் தூக்குகளோடு வந்தீர்கள். நேரே அந்த அறைக்குப் போனீர்கள். வெளியே வந்து என்னைப் பார்த்தீர்கள், பிறகு வாசல் சாம்பலைப் பார்த்தீர்கள். குச்சியால் கிளறி, பெட்டியின் பித்தளைக் கொண்டியை எடுத்து முந்தானை போலத் தோளில் கிடந்த துணியில் துடைத்தீர்கள். சாரோங் உங்கள் அம்மாவுடையது. பாய், உங்கள் தாத்தா காலத்திலிருந்து இலைக்கு அடியில் விரிக்கிற பாய். இதையெல்லாம் உங்கள் தங்கை சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று வெறுந்தரையில் ஐந்து இலை போட்டீர்கள். “மாரி மாக்கான்” என்று மெல்லக் கூப்பிட்டீர்கள், வாங்க சாப்பிட என்று. வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே நின்றோம். பிறகு தூக்குகளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். விஷயம் முழுக்கத் தெரிந்ததும் இவர் முகத்தில் கோபமே இல்லை.

“அந்தம்மா இனிமே கையெழுத்துப் போடாது. நல்லதாப் போச்சு, விடு.”

அன்று அவரை நான் வெறுத்தேன். இப்போது சொல்வதற்கென்ன. பொங்கல் பொங்கியது, எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. இரண்டு முறை உங்கள் தங்கை வீடு வரைக்கும் நடந்து, வேலியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். இவர் கப்பல் விவரம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார். நான் வாசலைப் பெருக்கப் போனால் சாம்பல் இருந்த இடத்தைச் சுற்றிப் பெருக்கினேன். வீடு போய்விடுமோ என்று பயந்தேன். உங்கள் முகத்தில் இனி விழிக்க முடியாதே என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று அப்போது கேட்டிருந்தால் வீடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

நில அலுவலகத்துக்கு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தீர்கள். கூப்பிட்டதும் போய்க் கையெழுத்துப் போட்டீர்கள். இவர் பேனாவை வாங்கிக்கொண்டு பத்திரத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுப் போட்டார். வெளியே வந்து படியில் நான் உங்கள் கையைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயும் அந்த நேரம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நீங்கள் அழ விட்டுவிட்டு, துணி முடிச்சை அவிழ்த்து அந்தக் கொண்டியை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். உங்கள் மலாயில் நிதானமாக, எனக்குப் புரியும்படி சொன்னீர்கள்.

“அவர்களுக்கு வீட்டுக்கு வழி தெரியும். உன்னைத்தான் தெரியாது. அடுத்த வருஷம் நீ சமை.”

அந்த வருடம் முழுக்க உங்களிடம் சமையல் படித்தேன் என்று சொல்ல முடியாது, சண்டை போட்டேன் என்று சொல்லலாம். பெலாச்சான் இல்லாமல் சம்பல் செய்யக் கூடாதா என்று கேட்டேன். என் தாத்தாவிடம் நீயே கேட்டுப் பார் என்றீர்கள். நான் வைத்த மீன் குழம்பைப் பார்த்து, இதில் புளி எங்கே, வழியிலேயே விட்டுவிட்டு வந்தாயா என்று சிரித்தீர்கள். “அடிக்” என்று தங்கை முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான்.

ஐப்பசியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. என் அம்மா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. புறப்பட்டுப் போயிருந்தாலும் காரியம்கூடக் கிடைத்திருக்காது. எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது, அவள் இருந்தபோது வருகிறேன் வருகிறேன் என்று எழுதி ஏமாற்றியவள் நான். போகி வந்தது. நான் சமைத்து ஐந்து இலை போட்டேன். நீங்கள் இன்னொரு இலையை எடுத்து ஓரத்தில் வைத்து, அம்மாவுக்கு என்றீர்கள். அவளுக்கு இந்த வீடு தெரியாதே அக்கா, கடலையே பார்க்காதவள் என்றேன்.

“என் ஆட்கள் போய் அழைத்து வருவார்கள்” என்றீர்கள்.

அப்போதுதான் அழுதேன். அந்த நாளிலிருந்து இது எனக்கு அன்னிய மண் இல்லை. பத்திரம் கொடுக்காததை அந்த ஓர் இலை கொடுத்தது.

ஆனால் ஆறு இலையை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டு வழக்கத்தில் ஒற்றைப்படையில்தான் போட வேண்டும். ஏழாவதாக ஒன்றைப் போடச் சொன்னீர்கள். இது யாருக்கு என்று கேட்டேன். பின்னால் யாராவது வருவார்கள் என்று சொல்லிவிட்டுச் சம்பலைப் பரிமாறினீர்கள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்த ஏழாவது இலைக்கும் நீங்களே பரிமாறினீர்கள்.

மூட்டு வலி அதிகமாகி மகன் உங்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனான். ஏழாவது மாடி என்று எழுதியிருந்தான். போய்ப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருந்தேன், அம்மா விஷயத்தில் செய்த அதே தவறு. நீங்கள் போய்விட்டதாகக் கடிதம்தான் வந்தது. அங்கே உங்கள் மகன் இன்று இலை போடுவானா, தெரியவில்லை. நீங்கள் எங்கே வருவீர்கள்? இது நீங்கள் விற்றுவிட்ட வீடு. ரோஷக்காரியான நீங்கள் விற்ற வீட்டுப் படி ஏறுவீர்களா? காலையிலிருந்து இதுதான் என்னை வாசலுக்கும் அடுப்புக்கும் அலைக்கழிக்கிறது.

இவர் காலையில் தாமாகவே கொல்லைக்குப் போய் ஏழு இலை நறுக்கிக்கொண்டு வந்து கழுவி வைத்தார். கட்டில் வாங்கியாகிவிட்டது, அக்கா. ஊருக்குப் போகும் பேச்சு மட்டும் சம்பளத் தேதியில் எப்போதாவது வரும்.

குழம்பு இறக்கிவிட்டேன். உப்பு இல்லாவிட்டால் என் கனவில் வந்து திட்டுங்கள். கொண்டியைத் தேய்த்து, ஏழாவது இலையின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்த வருடமும் வாசலில் எதையும் எரிக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது.

மாரி மாக்கான், அக்கா.