சுதா கேட்ட தமிழ்க் கதை

ஜூலை 8, செவ்வாய்

ஹெட்மிஸ்ட்ரஸாக இருக்கும் என் மருமகள் சுதா, ஹைதராபாத் உப்பல் டிரெயினிங்கிலிருந்து வந்ததும் போனை நீட்டினாள். "அத்தை, இனிமே சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிதான் முதல்லயாம். வருணுக்கு ஒரு தமிழ்க் கதை சொல்லுங்க. வீடியோ எடுத்து இன்னைக்கே டீச்சர்ஸ் குரூப்புல போடணும்."

பேரன் வருண் பேசத் தொடங்கியபோது, "அவன்கிட்ட தமிழ் நக்கோ, வேண்டாம் அத்தை, ஸ்கூல்ல குழம்பிடுவான்" என்று விருந்தாளிகள் முன்னால் என் வாயை அடைத்தவள் இவள்தான். மறப்பேனா?

சொன்னேன். "ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. பேரன்கிட்ட பேசாதேன்னு கிழவி வாயைக் கட்டினா. மேலிடத்து உத்தரவு வந்ததும் அவளே அவுக்க வந்தா."

சுதாவின் முகம் கறுத்தது. ஆனாலும் அனுப்பினாள். அங்கே தமிழ் யாருக்குத் தெரியும்? கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

வருணும் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "கத பாகுந்தி, பாட்டி" என்றான் தெலுங்கில். கதை நன்றாக இருக்கிறதாம். ஒரு சொல்கூட விளங்கவில்லை, பாவி பிள்ளைக்கு.