கொஞ்சம் அடிப்பிடித்த சோறு

பிப்ரவரி 9

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமில்லை. போனில் சொன்னால் "அய்யோ அக்கா, அய்யோ அக்கா" என்று சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. இல்லை, திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் என் கடையைப் பற்றி நீ எழுதியது வந்தது. திங்கட்கிழமை மதியம் கதவைத் திறந்தால் வரிசை முன்னால் இருக்கிற டயர் கடை வரைக்கும் நிற்கிறது. என் கடையில் நாலே மேசை என்று உனக்குத் தெரியும். டயர் கடைக்காரர் வந்து கத்துகிறார்: "என்னம்மா இது? வண்டி உள்ள வர வழியில்ல. நான் டயர் மாட்டறதா, இல்ல ஒங்க கூட்டத்துக்கு டோக்கன் குடுக்கறதா?"

ஒரு பெண் தட்டுக்கு மேலே சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு விதவிதமாகப் படம் எடுத்தாள். சோறு ஆறி விறைத்துப் போயிற்று. அப்புறம் பாதியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். 

வழக்கமாக வருகிறவர்கள்தான் பாவம். ராத்திரி டூட்டி முடித்துத் தூங்கி எழுந்து வருகிற அந்த நர்ஸ் வெளியே நின்று பார்த்துவிட்டு, பன் வாங்கித் தின்றுகொண்டே போனாள். தையல்காரருக்குப் பல் கிடையாது, சோற்றைக் குழைய மசித்து, பருப்பை மேலே ஊற்றித் தனியாக எடுத்துவைப்பேன். அவர் வந்து, கூட்டத்தைப் பார்த்து, தப்பான இடத்துக்கு வந்துவிட்டவர் மாதிரி திரும்பிவிட்டார். அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். வாழ்த்து எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

நீ எப்போதும் இப்படித்தான். நல்லது நடந்தால் அதிலும் ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவாய். வாரா வாரம் ஒரு சந்துக்கடையைத் தேடிப் போய் எழுதுகிறேனே, எத்தனை கடைக்காரர்கள் என்னை வருந்தி வருந்திக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? சொந்த அக்கா கடையை எழுதினால் தப்பாகுமோ என்று யோசித்து யோசித்து, அக்கா கடைதான் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். ஒரு பொய் கிடையாது அதில்.

கூட்டம் வந்தால் ஆள் வைத்துக்கொள். பக்கத்து அறையை வாடகைக்குக் கேள். அத்தானிடம் பேசினேன், அவர் எவ்வளவு குஷியாக இருக்கிறார்! நீ மட்டும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்?

எல்லோரும் எதை மெச்சுகிறார்கள் தெரியுமா? அம்மாவைப் பற்றி எழுதின பத்தியை. வெங்காயமும் முட்டையும் போட்டுப் பிரட்டின அந்தச் சோற்றை அம்மா வேலைக்குப் போகுமுன் செய்து மூடிவைத்துவிட்டுப் போவாளே, அடியை வேண்டுமென்றே லேசாகக் கருக விடுவாளே, அந்த வாசனைக்காகவே நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவேனே, அதை. படித்துவிட்டு அழுததாக எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! அந்த ருசியை நீ அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறாய் என்று பெருமையாகத்தான் எழுதினேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் வாண்டு


மார்ச் 2

வாண்டு,

முழங்கால் வலிக்கிறது. நாள் முழுக்க நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்?

உன் அத்தான் குஷியில் என்ன செய்தார் தெரியுமா? கடைக்குப் போர்டு எழுதி மாட்டிவிட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கடைக்குப் பெயரே கிடையாது. "டயர் கடைக்குப் பின்னாடி" என்றால் எல்லோருக்கும் தெரியும். இப்போது வாசலை அடைத்துக்கொண்டு சிவப்பு எழுத்தில் 'அம்மா கைமணம்' என்று தொங்குகிறது. உன் கட்டுரையிலிருந்து எடுத்தாராம்.

"யாரைக் கேட்டு மாட்டினீங்க?" என்றேன்.

"யாரைக் கேக்கணும்? ஒங்க அம்மாதானே? சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

அவரோடு பேச்சு வார்த்தை இல்லை. உப்பு டப்பாவைக் கேட்பதற்கு மட்டும் பேசுகிறேன்.

வருகிறவர்கள் ஒரு புது வழக்கம் பிடித்திருக்கிறார்கள். அடிப்பிடித்த சோற்றைத் தனியாகக் கேட்கிறார்கள். "அந்தக் கருகின பாகம் கொஞ்சம் கூடப் போடுங்க, பேப்பர்ல போட்டிருந்துச்சே." ஒரு சட்டியில் அடி எவ்வளவு இருக்கும்? ஆளுக்கு ஆள் அடியே வேண்டும் என்றால் மேலே இருக்கிறதை நான் என்ன செய்வது? ஒருவர் சாப்பிட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க அம்மா தெய்வம்மா" என்றார். கையில் கரண்டி இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

தையல்காரர் இப்போது வருவதே இல்லை. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "அங்க நின்னா முட்டி வலிக்குதும்மா. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு எடம் இருக்கு, உக்கார முடியுது" என்றார். அங்கே மசித்துக் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். கஞ்சி குடிக்கிறாராம். இளைத்துப் போயிருக்கிறார்.

ஒரே ஒரு உதவி செய். அடுத்த வாரம் எழுது. கடை கெட்டுப்போய்விட்டது, பழைய ருசி இல்லை, உப்பு கரிக்கிறது, கடைக்காரி சிடுசிடுக்கிறாள் என்று எழுது. கடைசியில் சொன்னது உண்மைதானே. உன் மனசாட்சிக்கும் பழுதில்லை.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அத்தான் போன் செய்து, நீ போர்டைக் கழற்றச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய் என்றார். என்ன ஆயிற்று உனக்கு?

நான் பொய் எழுதமாட்டேன். என் பெயரை நம்பித்தான் ஜனங்கள் பஸ் ஏறி ஒரு கடைக்குப் போகிறார்கள். அதிலும் அம்மாவின் கைப்பக்குவத்தை மட்டமென்று என் கையாலேயே எழுதச் சொல்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? அம்மா எனக்கென்று விட்டுவிட்டுப் போனது அந்த ஒரு ருசிதான். அவள் முகம்கூட எனக்குக் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. பிசைந்து ஊட்டின கை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சொல்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. அம்மாவுக்குக் கிடைக்கிற பேரைப் பார்த்து உனக்குப் பொறாமையோ என்றுகூடத் தோன்றுகிறது.

வாண்டு


மார்ச் 14

வாண்டு,

பொறாமைதான். வைத்துக்கொள்.

இதை எழுதக்கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன். நீ எழுத வைத்துவிட்டாய்.

அம்மா ஒரு நாளும் அந்தச் சோற்றைச் செய்ததில்லை. அவள் சலவைக் கம்பெனியில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கப் போனவள். விடிவதற்கு முன்னால் போவாள், இருட்டின பிறகு வருவாள். அப்பா போனவர் போனவர்தான். வீட்டில் நீயும் நானும். எனக்குப் பதினொரு வயது. உனக்கு நாலு.

நீ வாயைத் திறக்கமாட்டாய். "அம்மா வந்தாத்தான் திம்பேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் ஒன்றும் தோன்றாமல், "இது அம்மா செஞ்சு வச்சுட்டுப் போனதுடி" என்றேன். வாயைத் திறந்தாய். அன்றிலிருந்து தினமும் அதையே சொன்னேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அதைத்தான் சொன்னேன்.

அடி கருகினது வேண்டுமென்று இல்லை. அந்த இரும்புச் சட்டி கனம். சரியான நேரத்துக்கு இறக்கிவைக்க எனக்குப் பலம் பத்தாது. துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து, இழுத்து இறக்குவதற்குள் அடி பிடித்துவிடும். அந்தக் கருகலுக்குத்தான் இப்போது ஊரே வரிசையில் நிற்கிறது.

அம்மாவுக்கும் தெரியும். ஒரு ராத்திரி அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நீ ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீ வச்சுட்டுப் போன சோறு நல்லா இருந்துச்சு" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று நான் தலையை ஆட்டினேன். அவள் உன் தலையைத் தடவிக்கொண்டு, "நல்லா இருந்துச்சா கண்ணு?" என்றாள். நீ தூங்கின பிறகு என்னிடம், "அவ அப்படியே நெனச்சுக்கட்டும்" என்றாள்.  எனக்கும் அதுவே போதும் என்றிருந்தது.

போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை எழுதிப் பேப்பரில் போட்டு, சிவப்பு எழுத்தில் என் தலைக்கு மேலேயே மாட்டுவீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள வாண்டுவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் இல்லை. போன் செய்தால் உன் வீட்டுக்காரர்தான் பேசுகிறார், "அவ தூங்குறா" என்கிறார். பட்டப்பகலில் என்ன தூக்கம்?

உன் கட்டுரையும் பேப்பரில் வரவில்லை. அந்த இடத்தில் வெயிலுக்கு என்ன பழச்சாறு குடிக்கலாம் என்று யாரோ எழுதுகிறார்கள். அதையெல்லாமா படிக்கச் சொல்கிறார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதினது பொய்யில்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டாம். உனக்குச் சோறு ஊட்டினவள் நான்தான் என்று நிரூபித்து எனக்கு என்ன கிடைத்தது?

கூட்டம் குறைந்துவிட்டது. ஆற்றோரமாக யாரோ மீன் பொரிக்கிறார்களாம், எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். உன் அத்தானுக்கு முகமே செத்துவிட்டது. அவரே போர்டைக் கழற்றி வைத்துவிட்டார். நர்ஸ் வருகிறாள். தையல்காரருக்கு உட்கார இடம் இருக்கிறது என்று ஆள் விட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பழகிவிட்டது போலிருக்கிறது.

திட்டியாவது எழுது.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

திட்ட உட்கார்ந்தேன். பல தரம் உட்கார்ந்தேன். வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அம்மா ஒரு தரம் செத்தது போதாதா, இவள் இன்னொரு தரம் எடுத்துக்கொண்டு போகிறாளே என்று. உன்னை ஒரு வாரம் வெறுத்தேன். சொல்லிவிடுவதுதான் நல்லது.

பிறகு அந்தக் கையை நினைத்துப் பார்த்தேன். என் ஞாபகத்தில் ஊட்டுகிற அந்தக் கையில் எப்போதும் நடுவிரல் ஓரத்தில் நீலமாக இங்க் கறை இருக்கும். இத்தனை வருஷமும் அதை அம்மா கை என்றே நினைத்திருந்தேன். துணி துவைக்கிறவள் கையில் இங்க் எப்படி வரும்? பள்ளிக்கூடத்துப் பேனா பிடித்தது நீதானே? அவள் கை வெளுத்து வெடித்துப் போயிருக்கும், பிடித்தால் சொரசொரக்கும். அதுவும் ஞாபகம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லை. நாக்கை வைத்துச் சம்பாதிக்கிறேன், கையை அடையாளம் தெரியவில்லை.

பேப்பர் ஆசிரியரிடம் கொஞ்ச நாள் லீவு கேட்டிருந்தேன். இப்போது ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். "அந்தச் சோற்றைச் செய்தது என் அம்மா இல்லை, என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினொரு வயது." போட்டால் மறுபடியும் கூட்டம் வரும், முன்னைவிட அதிகமாக வரும். போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீயே சொல். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

நான் உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. என்ன செய்தால் சரியாகும் என்று சொன்னால் செய்கிறேன்.

உன் வாண்டு


மே 11

அன்புள்ள வாண்டுவுக்கு,

போடாதே! உனக்குக் கோடி புண்ணியம். மறுபடியும் அந்த வரிசையைப் பார்த்தால் நான் பின்வாசல் வழியாக ஓடிப்போய்விடுவேன். டயர் கடைக்காரர் எனக்கு முன்னால் ஓடுவார். உனக்குத் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள். எனக்கும்தான் வருவதில்லை.

மன்னிப்பெல்லாம் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டாய். ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. முதல் பஸ்ஸில் வா. அடுப்பை நீ பற்ற வை. நான் வெளியே மேசையில் உட்கார்ந்திருப்பேன். பதினொரு வயதிலிருந்து எனக்கென்று யாரும் ஒரு வாய் சோறு வடித்ததில்லை. உன் அத்தானுக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது. காய்ச்சல் வந்தால்கூட நானே எழுந்து கஞ்சி வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.

உனக்குச் சமைக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் தின்று எழுதத்தான் தெரியும். பரவாயில்லை, செய். எனக்கு என்ன பிடிக்கும் என்று எழுதிக் கேட்காதே. அதை யோசிக்க எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. வந்து ஏதாவது செய், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் நன்றாக இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. நம் வீட்டில் சோற்றைப் பற்றிச் சொன்ன ஒரு பொய் போதும்.

உன் அக்கா